புகையைப் பிடித்த கோபுரமும் கம்மாபுரத்துக் கேள்வியும்

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடிப்பது இந்த நாட்டுக்கு நல்லதா, கெட்டதா? ஒரு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள், நான் வேலை பார்த்த அனல்மின் நிலையத்தில் இப்போது இருக்கிற இளம் பொறியாளர்கள். அங்கே பெரிய அளவில் பிடிப்பு ஆலை வரப்போகிறதாம், அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். “படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி எழுதுங்க மேடம்” என்று போனில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. நம்பிக்கை வரும்படி எழுதவும் எனக்கு வராது. நடந்ததை எழுத வரும். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் ஜெசிந்தா. விருத்தாசலத்தில் பிறந்தேன், இங்கேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்தேன், இங்கேயே ஒரு பீங்கான் கம்பெனியின் சூளைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சூளைத் துளை வழியாகப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததைத் தவிர அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சூளைப் புகையில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. அது கூடுதலாக இருந்தால் எரிபொருள் வீணாகாமல் நன்றாக எரிகிறது என்று பொருள். அன்றைக்கு அந்த வாயுவைக் கண்டால் நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகு அஞ்சல் வழியில் வேதியியல் படித்து, பழுப்பு நிலக்கரியை விலைக்கு வாங்கி எரிக்கிற ஒரு தனியார் மின் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அதே வாயுவைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும் என்று அங்கேதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

சொன்னவர் எங்கள் தலைமைப் பொறியாளர் ராமபத்ரன் சார். அவரும் விருத்தாசலத்துக்காரர். அவர் குடும்பம் தலைமுறையாகக் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த குடும்பம். அந்தப் பழக்கமோ என்னவோ, ஆய்வுக்கூடத்துக்குள் வரும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. காண்டிராக்ட் ஆட்களைக்கூட “என்னங்க, சாப்டீங்களா?” என்றுதான் கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, அப்பறம்?” என்பார். அந்த “அப்பறம்” வந்துவிட்டால் நாம் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

அவருடைய கூட்டங்களில் ஒரு விதி இருந்தது. உங்களுக்கு ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தால், முதலில் எதிராளியின் கட்சியை, அதாவது அவர் தரப்பு வாதத்தை, நீங்கள் பேச வேண்டும். எதிராளி கேட்டு, “ஆமாம், இதத்தான் நான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் கட்சியைப் பேசலாம். எத்தனையோ பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. சண்டைகள் பாதியாகக் குறைந்தன. மீதமிருந்த சண்டைகள் அசல் சண்டைகளாக இருந்தன.

சோதனை முயற்சியாக ஒரு சிறிய பிடிப்பு ஆலையைக் கட்டினோம். புகைபோக்கிக்குப் போகிற பெரிய குழாயிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, அந்தப் புகையை முதலில் ஒரு சின்னக் கோபுரத்தில் தண்ணீரால் கழுவிக் குளிரவைப்போம். கந்தகம் அங்கேயே போய்விட வேண்டும். பிறகு பெரிய கோபுரத்தின் அடியில் புகை நுழையும். மேலிருந்து அமீன் என்ற கரைசல் மழைபோல் இறங்கும். கெட்டுப்போன மீன் வாடை அடிக்கும். வீட்டுக்குப் போனால் என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “குளிச்சிட்டு வந்து பேசு” என்பார். அந்தக் கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொண்டு கீழே வரும். அதை இன்னொரு கோபுரத்துக்கு அனுப்பி நீராவியால் சூடாக்கினால் வாயுவை விட்டுவிடும். வாயு ஒரு குழாயில் போக, கரைசல் ஆறி மறுபடி வேலைக்கு வரும்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. சூடாக்குகிற அந்த நீராவி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் விஷயம் புரியும். டர்பைனைச் சுற்றி மின்சாரமாக வேண்டிய நீராவி அது. எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறோமோ அவ்வளவு மின்சாரத்தை நாங்களே தின்றுகொண்டிருந்தோம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்காகத்தான் பின்னால் எனக்கு எல்லாம் நடந்தது.

கரைசலைச் சோதிப்பதும், அதைச் சூடாக்க எவ்வளவு நீராவி போகிறது என்று மாதாமாதம் கணக்குக் கொடுப்பதும் என் பொறுப்பு. மாதிரி எடுக்கும் குப்பியை அதே கரைசலால் அலசிக் கொட்டி, மறுபடி பிடித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். பச்சைத் தண்ணீரில் வைத்து ஆறவைக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் பிடித்த வாயு பறந்துவிடும், கணக்கு பொய்யாகும். ஆறிய பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்போம். நிறத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். புதுக் கரைசல் தண்ணீர்போல இருக்கும். கெடக் கெட இளமஞ்சளாகி, டீயாகி, கடைசியில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும்.

ஒருமுறை திடீரென்று டிகாக்‌ஷன் நிறம் வந்து, கோபுரத்துக்குள் நுரை பொங்கிவிட்டது. நுரையை அடக்கும் மருந்தை ஊற்றலாம் என்று எல்லோரும் ஓடினார்கள். ராமபத்ரன் சார் நிறுத்தினார். “ஊத்தலாங்க. ஊத்தினா நுரை அடங்கிரும். ஏன் வந்துச்சுங்கறதும் சேந்து அடங்கிரும். அப்பறம்?” ஆலையை நிறுத்தித் திறந்து பார்த்தோம். கழுவுகிற சின்னக் கோபுரத்துக்குள் நிரப்பியிருந்த பீங்கான் துண்டுகள், குதிரைச் சேணம்போல வளைந்த கையளவுத் துண்டுகள், தரம் கெட்டு நொறுங்கிக் கிடந்தன. புகை சரியாகக் கழுவப்படாமல் கந்தகத்தோடு போய்க் கரைசலைக் கெடுத்திருந்தது.

புதிதாக வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நான் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு விருத்தாசலத்துக்கு பஸ் ஏறினேன். பழைய பழக்கத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்காரரிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாங்க பொம்மையும் கரண்டு கம்பத்துக் குமிழும்தாம்மா பண்றோம். இது என்னா, குதிரை பொம்மைல பாதி மாதிரி இருக்குது?” என்றார். ஆனாலும் செய்தார். களிமண் கலவையை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டும் நொறுங்காத துண்டு கிடைத்தபோது அவர் அதைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்க் களிமண் அந்தக் கோபுரத்தில் பல வருடம் நின்று வேலை செய்தது. கருவி நன்றாக ஓடியது. இதை அழுத்திச் சொல்கிறேன். அது ஓடவே ஓடாது என்று பேசுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு.

அந்தச் சமயத்தில் டெல்லியில் ஒரு கருத்தரங்குக்கு எங்களை அழைத்தார்கள். நாடு இந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்வதா, எப்படி எடுத்துக்கொள்வது என்று பேசினார்கள். ஒருவர் எழுந்து, “இத்தனை காலமாகப் புகையை விட்டு வளர்ந்தவை பணக்கார நாடுகள், அதைப் பிடிக்கிற செலவு நம் தலையில் எதற்கு?” என்றார். இன்னொருவர், புதைக்கவே வேண்டாம், சோடா உப்பாகவும் உரமாகவும் எரிபொருளாகவும் மாற்றி விற்கலாம் என்றார். மூன்றாவது ஆள், நிலக்கரியை நம்மால் விட முடியாது, விடாமல் இருப்பதற்கு இதுதான் நமக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு என்றார். அதற்குத்தான் பலத்த கைதட்டல். சூரிய வெளிச்சம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது மின் நிலையத்தில் இதைக் கட்டுவது வீண், சிமென்ட் ஆலைக்கும் உருக்கு ஆலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அம்மா சொன்னார். அவருக்கு யாரும் கைதட்டவில்லை.

ரயிலில் திரும்பும்போது ராமபத்ரன் சார் என்னை விடவில்லை. எதிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, “நாலு பேர் கட்சியையும் நீங்க பேசுங்க” என்றார். பேசினேன். முதல் கட்சியில் நியாயம் இருக்கிறது, ஆனால் வெயில் கூடினால் நம் ஊரில்தான் முதலில் ஆள் விழும். இரண்டாவது கட்சி அழகாக இருக்கிறது, ஆனால் வருகிற வாயு அத்தனைக்கும் சோடா உப்பு செய்தால் வாங்க நாட்டில் ஆள் இல்லை. நாலாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் சிமென்டில் சுண்ணாம்புக்கல்லே வாயுவை விடுகிறது, அதற்கு வேறு வழி கிடையாது.

“மூணாவது?” என்றார்.

“மூணாவது ஆளு சொன்னதுல டவரப் பத்தி ஒண்ணுமே இல்ல சார். நிலக்கரியப் பத்தித்தான் இருக்குது.”

“அப்ப நம்ம டவர் வேண்டாங்கறீங்களா?”

“வேணும் சார். கத்துக்க வேணும். நாளைக்கு சிமென்ட் ஆலைக்குக் கொண்டுபோக வேணும். இன்னொரு யூனிட் கட்டறதுக்கு அத சாக்கா காட்ட வேணாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் “அப்பறம்” சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வறண்ட பூமி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். சரியா இருக்கறத எல்லாம் செய்யற எடத்துல நாம இல்ல, ஜெசிந்தா” என்றார்.

அதற்குச் சில வருடம் கழித்துதான் அந்த நாள் வந்தது.

எங்கள் நிர்வாகம் புதிதாக ஒரு யூனிட் கட்ட நினைத்தது. பிடித்த வாயுவைப் பூமிக்கடியில் ஆழமாகப் புதைக்க இடம் இருக்கிறது என்று காட்டினால் அனுமதி சுலபமாகும் என்று ஆலோசகர்கள் சொல்லியிருந்தார்கள். கம்மாபுரம் பக்கத்து வயல்களுக்கு அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனைத் துளை போட வேண்டும். அங்கே ஏற்கெனவே சுரங்கம் பக்கத்தில் இருக்கிறது. நிலம் கொடுத்தவர்கள், கொடுக்க வேண்டி வருமோ என்று பயந்து இருப்பவர்கள், வேறு இடத்துக்குப் போனவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கிறது. அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். துளையை மட்டும் சொன்னால் ஊர் மிரளும், சோதனை ஆலையில் வேலை செய்த பெண் ஒருத்தி, பக்கத்து ஊர்க்காரி, எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று என்னை அனுப்பினார்கள்.

மண்டப வாசலில் வண்டிகள் நெருக்கமாக நின்றன. உள்ளே போண்டாவும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆலோசகர் தயாரித்த படம் ஓடியது. பச்சை வயல், நீல வானம், நடுவில் ஒரு புகைபோக்கி, அதிலிருந்து புகையே வரவில்லை. கீழே “புகையில்லா மின்சாரம்” என்று எழுதியிருந்தது. நான் ராமபத்ரன் சாரிடம் போனேன்.

“சார், நாம பிடிக்கறது ஒரு கிளைப் புகைய. புது யூனிட்லயும் மொத்தத்தையும் பிடிக்கப் போறதில்லன்னு திட்டத்துலயே இருக்குது. படத்துல சுத்தமா காட்றாங்களே?”

“படம் அவங்க வேலைங்க. டவர் வேலை செய்யுதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. அது உண்மைதானே?”

“உண்மைதான். அவங்க வேற ஏதாவது கேட்டா?”

“கேக்க மாட்டாங்க” என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நான் மேடையில் பேசினேன். கோபுரம், கரைசல், நீராவி எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே சொன்னேன். நன்றாகத்தான் கேட்டார்கள். முடித்ததும் மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஜாகிர் பாய் என்பவர் எழுந்தார். வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றில் பல காலம் வேலை செய்து திரும்பியவர், கம்மாபுரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது.

“அங்க நாங்க இந்த வாயுவ கெணத்துக்குள்ள எறக்கியிருக்கோம் மேடம். ஒழுங்கா செஞ்சா நிக்கும், அதுல சந்தேகம் இல்ல. என் கேள்வி வேற. கம்பெனிய வித்துட்டு நீங்க போயிட்டீங்க. என் பேரன் காலத்துல கசிஞ்சா எவன் பொறுப்பு? யார் வூட்டு வாசல்ல போய் நிக்கறது?”

ஆலோசகர் மைக்கை வாங்கி, “நல்ல கேள்வி, உரிய நேரத்தில் விதிமுறைகள் வரும்” என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். தனலட்சுமி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற விவசாயி. கணவரின் அண்ணன் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது, இவர் நிலம் அதற்கு அடுத்து இருக்கிறது. மைக்கை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

“மேல் மண்ண எடுத்தாங்க, குடுத்தோம். இப்ப அடி மண்ணும் கேக்கறீங்க. அது இருக்கட்டும். அந்த மேடம் சொன்னது எனக்கு வெளங்குச்சு. அவங்கள ஒண்ணு கேக்கறேன். வேற யாரும் பதில் சொல்ல வேணாம். மேடம், இந்த டவர் வந்தா சுரங்கம் நிக்குமா, பெருசாகுமா?”

ஆலோசகர் மைக்கோடு பாதி எழுந்தார். ராமபத்ரன் சார் என்னைப் பார்த்தார்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. “அது என் துறை இல்லை” என்று சொல்லிவிட்டு உட்காரலாம். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களில் அவர் கேட்டது என்னைத்தான். நீராவிக் கணக்கைக் கையால் அளந்தவள் நான். இவ்வளவு காலமாக எனக்குச் சொல்லிக்கொடுத்த விதியும் நினைவில் இருந்தது. முதலில் எதிராளியின் கட்சி.

“உங்க கட்சிய நான் சரியா புரிஞ்சுக்கிட்டனான்னு சொல்லுங்க” என்றேன். “எங்க புகைய எங்க எடத்துல பிடிச்சு, உங்க நெலத்துக்கு அடியில வெக்கறோம். கரண்டு ஊருக்கெல்லாம் போகுது. ஆபத்து இருந்தா அது உங்களோட தங்குது. இதுல உங்களுக்கு என்னா கெடைக்குதுன்னு கேக்கறீங்க. சரிதானா?”

“அதத்தான் கேக்கறேன்.”

“டவர் ஓடறதுக்கு நீராவி வேணும். அது கரண்டுல இருந்துதான் போவும். அதே கரண்டு வேணும்னா இன்னும் கூட எரிக்கணும். அப்ப இன்னும் கூட தோண்டணும். பழைய யூனிட்ட மூடினாத் தவிர சுரங்கம் பெருசாகும். மூடறதா திட்டத்துல இல்ல.”

யாரும் கைதட்டவில்லை, கத்தவும் இல்லை. தனலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண்களிடம் ஏதோ சொன்னார். பின்வரிசையில் ஆண்கள் எழுந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. துளை போட அனுமதி இல்லை என்று அந்த வாரமே ஊர் தீர்மானம் போட்டது.

மறுநாள் காலையில் ராமபத்ரன் சார் அறைக்கு அழைத்தார். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. “நேத்து சொன்னது என் சொந்தக் கருத்துன்னு எழுதிக் குடுத்துருங்க. இத்தோட முடிச்சுக்கலாம்.”

“அது கருத்து இல்ல சார். ஒவ்வொரு மாசமும் நான் குடுத்து, நீங்க கையெழுத்துப் போட்ட அளவு.”

“எல்லா அளவையும் எல்லா எடத்துலயும் சொல்லணும்னு இல்லைங்க.”

“கேட்டா சொல்லணும் சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

என்னை ஆய்வுக்கூடத்திலிருந்து பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தலைக்கவசம் அணிவது பற்றி வாசகம் எழுதும் போட்டி நடத்துவது, வென்றவர்களுக்கு டிபன் பாக்ஸ் கொடுப்பது. ஓய்வு பெறுகிறவரை அதுதான் வேலை. கோபுரத்தின் பக்கம் போக எனக்கு அனுமதிச் சீட்டு இல்லை. கேண்டீனில் சிலர் என் மேசைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒரு பழைய சிநேகிதி, “ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா மரியாதையா போயிருக்கலாமே ஜெசி” என்றாள். “இப்பவும் மரியாதையாத்தான் போவேன்” என்றேன். அழுகை வந்தது, அது வேறு விஷயம். பஸ்ஸில் அழுதேன், ஆபீஸில் அழவில்லை. வாசகப் போட்டியை ஒழுங்காக நடத்தினேன். டிபன் பாக்ஸ் நல்ல தரமாக வாங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆள் வந்தது. சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர், சுறுசுறுப்பான மனிதர். கேமராவை எங்கள் வீட்டு ஹாலில் நிறுத்திவிட்டு, “கார்பன் பிடிப்புங்கறதே மோசடின்னு நீங்க உங்க வாயால சொல்லணும் மேடம். உள்ள இருந்தவங்க சொன்னா ஊர் நம்பும்” என்றார்.

“மோசடி இல்லைங்க. நான் ஓட்டியிருக்கேன். ஓடும்.”

“அப்ப கம்மாபுரத்துல எதிர்த்தீங்களே?”

“டவர எதிர்க்கல. அதக் காட்டி இன்னும் தோண்டறத எதிர்த்தேன். சிமென்ட் ஆலைல வெச்சா நானே போய் அமீன் ஊத்துவேன்.”

“அது சனங்களுக்குக் குழப்பமா இருக்கும் மேடம்.”

“கம்மாபுரத்துல யாரும் குழம்பலீங்களே” என்றேன். அவர் கேமராவை மடக்கிக்கொண்டு போனார். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. ஆக இரண்டு பக்கமும் எனக்கு மாலை கிடையாது. வேண்டியதும் இல்லை.

ராமபத்ரன் சாரும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். ஒரு நாள் சாயங்காலம், முன்தகவல் இல்லாமல், எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். என் கணவரிடம் மூட்டு வலி பற்றி விசாரித்தார். காபி வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு அந்த ஊர்க் கட்சிய நல்லா பேசினீங்க. எங்க கட்சிய நீங்க பேசவே இல்லியேங்க. விதிய பாதிதான் பின்பற்றினீங்க.”

பல வருடமாக மனதில் வைத்திருந்து கேட்கிறார் என்று புரிந்தது.

“உங்க கட்சியப் பேச அங்க மேடை இருந்துச்சு, திரை இருந்துச்சு, நீங்க இருந்தீங்க சார். அந்தம்மாவுக்கு யார் இருந்தாங்க?”

“புது யூனிட் வந்திருந்தா எத்தனை பேருக்கு வேலை கெடைச்சிருக்கும்?”

“அதையும் அன்னிக்கு நீங்க எழுந்து சொல்லியிருக்கலாம். சுரங்கம் பெருசாகும், வேலையும் கெடைக்கும், ரெண்டையும் வெச்சு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா நான் பக்கத்துல நின்னிருப்பேன். படத்துல புகைய அழிச்சிட்டீங்களே சார்.”

அவர் காபியைக் குடித்து முடித்தார். “போயிட்டு வரேங்க” என்று சொல்லிக் கிளம்பினார். அவர் ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற ஒழுங்கில் பாதி அவர் கொடுத்தது. அந்த ஒழுங்கைக் கொண்டுதான் அவரை எதிர்த்தேன்.

இப்போது காற்று மறுபடி மாறியிருக்கிறது. கார்பன் பிடிப்புக்கு நாடு முழுக்க ஆதரவு வரும், இதுதான் எதிர்காலம் என்று பேச்சு. அன்று டெல்லியில் கைதட்டல் வாங்கிய மூன்றாவது கட்சி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. துளை போடும் திட்டமும் திரும்ப வந்திருக்கிறது. சென்ற மாதம் விருத்தாசலத்தில் ஒரு ஓட்டல் அறையில் கம்பெனிக்காரர்கள் ஊர்ப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தனலட்சுமி முதல் நாளே எனக்குப் போன் செய்து, “அக்கா, நீங்களும் வரணும். அவங்க பேசறது வெளங்கலன்னா ஒடனே கேக்க ஆள் வேணும்” என்றார். போனேன். ஜாகிர் பாயும் வந்திருந்தார்.

கம்பெனித் தரப்பில் ஒரு இளம் மேலாளர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சைத் தொடங்கும் முன்பே, “மேடம், நீங்க நம்ம நிறுவனத்துல இருந்தவங்க. இங்க யார் சார்பா வந்திருக்கீங்க?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் தனலட்சுமி சொன்னார். “எங்களோட வந்திருக்காங்க. எழுதிக்கங்க.”

பிறகு அவர் கையில் காகிதம் எதுவும் இல்லாமல் பேசினார். பழைய யூனிட்டை மூடப்போகும் நாளைச் சொல்ல வேண்டும். புதைத்த வாயுவுக்குக் கம்பெனி போன பிறகும் பொறுப்பாக யார் இருப்பார்கள் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். சிமென்ட் ஆலைகளில் முதலில் கட்டாமல் இங்கே ஏன் கட்ட வேண்டும் என்று விளக்க வேண்டும். மூன்றாவது கேள்வியை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கோ கேட்டு, தானே யோசித்துக் கொண்டுவந்திருந்தார்.

மேலாளர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி மடிக்கணினியை மூடினார். “அதுவரைக்கும் துளை மட்டும் போட்டுக்கலாமாங்க? வெறும் சோதனைதானே, ஒரு மெஷின் வந்துட்டுப் போயிரும்.”

“பதிலோட வாங்க, டீ போட்டுத் தரேன்” என்றார் தனலட்சுமி. “பதில் இல்லாம மெஷினோட வந்தீங்கன்னா வயல்ல எறக்கிடாதீங்க. நடவுக்கு தண்ணி கட்டியிருக்குது, புதைஞ்சிரும்.”

மேலாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், பழைய ஊழியர் ஏதாவது சமாதானமாகச் சொல்வார் என்று. தனலட்சுமி நாற்காலியை நகர்த்தி எழுந்தார், ஜாகிர் பாய் எழுந்தார், நானும் எழுந்தேன். மூவரும் சேர்ந்தே வெளியே வந்தோம்.